டிவிக்குத் திருஷ்டி சுற்றிய நாள்

எனக்கு எழுபத்தாறு வயசு. மூணு பிள்ளைகளைத் தனியாளா வளர்த்தவள். கடைசி மகன் ஃபங்க் என்கிற மேல்நாட்டு ஆட்டப் பாட்டு பாடுகிறவன். கிள்ளானில் கல்யாணங்களுக்குப் பாட ஆரம்பித்தவன், இன்றைக்குச் சொந்த பேண்ட் நடத்துகிறான். டிவி நாடகத்திலும் நடிக்கிறான். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் என்னை அவன் அம்மா என்றுதான் சொல்வார்கள்.

போன மாசம் நாடகத்தில் அவன் செத்துப்போனான். அவன் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் வைத்துவிட்டார்கள். நடிப்புதான், தெரியும். ஆனாலும் பெத்த வயிறு கேட்கவில்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் உப்பும் மிளகாயும் எடுத்து, டிவியில் தெரிந்த முகத்துக்கே திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்டேன்.

மிளகாய் நெடியில் பக்கத்து வீட்டுச் சீனப் பெண் இருமிக்கொண்டே ஓடிவந்தாள்.

"ஆன்டி, வீடு எரியுதா?" என்று மலாய் மொழியில் கேட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டு, நான் சொன்ன அவன் நம்பருக்குத் தன் போனில் கூப்பிட்டாள்.

தெரியாத நம்பர் என்றதும் உடனே எடுத்தான். "யெஸ் பாஸ், ஷோ எப்போ?"

போனை வாங்கி, "அம்மாடா" என்றேன்.

"ரிகர்சல்ல இருந்தேன்லா அம்மா" என்றான்.

"ஒண்ணுமில்ல, நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டேன்.

அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நெடி போகும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊரே கேட்கிற குரலுக்கு நானும் வரிசையில் நிற்கணும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மூத்தவளின் மகள் இன்று வந்திருக்கிறாள்; நான் சொல்லச் சொல்ல இதையெல்லாம் அவள்தான் எழுதினாள். கண்ணு, இதைச் சத்தமா படிச்சுக் காட்டு. நான் அழுததா எங்கேயாவது எழுதியிருந்தா, அதை மட்டும் அடிச்சிடு.