வீட்டுக்கு ஒரு ஆள்

துளசிங்கத்தின் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. இரும்புலியூரில் ஏரிக்கரையை ஒட்டி அவன் அப்பா கட்டிய வீடு. சுற்றியிருந்த வயல்களெல்லாம் மனைகளாகி, மனைகளில் மொட்டைமாடி வீடுகள் எழும்பி, ரயில்வேக்காரர்களும் வாத்தியார்களும் குடிவந்த பிறகும் அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கலாம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். வாரிசில்லாத வீடுதான் அந்த நேரத்தில் இருண்டு கிடக்கும் என்பார்கள். கல்யாணமோ கருமாதியோ, எங்கே போனாலும் வீட்டுக்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும்.

அந்த ஆள் சாமுண்டீஸ்வரி. துளசிங்கத்தின் அக்கா. கல்யாணமாகிப் போன ஊரில் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர, சின்ன வயதிலேயே திரும்பி வந்துவிட்டவள். ஆனால் மூலையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிற ரகமில்லை. துளசிங்கம் நிலம் விற்ற காசில் வீட்டை ஒட்டியே மணல், செங்கல், ஜல்லி விற்கும் கடை போட்டிருந்தான். அவன் வெளியே போனால் கடையில் நிற்பவள் இவள்தான். லாரிக்காரன் மணலை ஈரத்தோடு கொண்டுவந்து கொட்டினால், "இன்னாப்பா, மணல் கொண்டாந்தியா, ஏரியக் கொண்டாந்தியா?" என்று தெரு முனை வரைக்கும் கேட்கும். பசுமாட்டைக் கறப்பது, பிள்ளைகளுக்குத் தலை வாருவது, பக்கத்து வீட்டு அமலராணி டீச்சரோடு வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மணிக்கணக்கில் கதை பேசுவது எல்லாம் அவள்தான். திருநீர்மலைக் கருட சேவைக்குக் குடும்பம் போனபோதும், திருப்பதிக்கு மொட்டை போடப் போனபோதும், வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்து ஊரே போய்ப் புலி பார்த்தபோதும் அவள் வீட்டில் இருந்தாள். இருக்கச் சொன்னார்கள் என்றில்லை. அடுப்பங்கரை எங்கேயாவது கிளம்பிப் போகிறதா என்ன? அப்படித்தான் அதுவும்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஜூன் மாதம். சாரல் ஆரம்பித்துவிட்டது என்று யாரோ கடையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் துளசிங்கம் அறிவித்தான்.

"இந்த வருசம் எல்லாரும் குத்தாலம் போறோம்."

"எல்லாரும்னா?" என்றாள் மூத்த பெண்.

"எல்லாரும்னா எல்லாரும்தான். படப்பையிலேர்ந்து உங்க மாமன் வூட்டையும் சேத்துக்கலாம். வேன் எடுத்துகினு போயிடலாம்."

"கட்டுச்சோறு நான் பாத்துக்கறேன்," என்றாள் அவன் மனைவி செல்லியம்மாள். "ஆனா உங்க சிநேகிதக்காரன் ஒருத்தனையும் ஏத்தாதீங்க. திருப்பதிக்கு வந்தாரே ஒருத்தர், வழி முச்சூடும் வாந்தி."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரி கரண்டியை நிறுத்தினாள். "ஏன்டா, அது நேரா தலை மேலயே வுழுமா?"

"பின்ன, கால் மேலயா வுழும்?"

"காது அடைச்சிக்காது?"

"நீ பேசறதக் கேட்டா அருவிதான் காத அடைச்சிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் வேறு பேச்சு இல்லை. நல்லெண்ணெயா, அங்கேயே எண்ணெய் தேய்த்துவிட ஆள் இருக்கிறதா, புளிசாதம் இரண்டாம் நாள் தாங்குமா, குரங்கு பையைப் பிடுங்குமா. வேன்காரன் ஏகநாதன் வந்து, "அண்ணா, எத்தினி பேரு?" என்று கேட்டபோது துளசிங்கம் விரல் மடக்கிச் சொன்னான். தான், செல்லியம்மாள், பிள்ளைகள், மச்சான் லோகநாதன், அவன் சம்சாரம், அவன் பிள்ளைகள், லோகநாதனுடைய மாமியார். "அவ்ளோதான். டைட்டா கீது," என்றான் ஏகநாதன். "டைட்டா இருந்தா இன்னா, ஜாலியா போலாம்," என்றான் துளசிங்கம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் வந்தவன் பின்கட்டில் கை கழுவப் போனான். கொடியில் ஒரு கருநீல நைலக்ஸ் புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் வாளியில் தண்ணீர். சாமுண்டீஸ்வரி குனிந்து அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருது இது?"

"என்னுதுதான். சாயம் போவுதான்னு பாத்தேன். அருவில நிக்கசொல்லோ நீலமா ஓடிச்சின்னா அசிங்கமில்ல?" நிமிர்ந்தாள். "அமலராணி போயிருக்குதாமே. வெள்ளை, மஞ்சள்லாம் கட்டாதீங்கக்கா, நனைஞ்சா ஒட்டிக்கும், கெட்டிக் கலரா எடுங்கன்னு சொல்லிச்சி. அதுவே கடைக்கும் இட்டுகினு போச்சி. பாவாடை கூடக் கனமாத் தெக்கக் குடுத்தேன். இன்னாடா முழிக்கறே, எனக்கு இது நல்லால்லியா?"

"நல்லாக்கீதுக்கா," என்றான்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். செல்லியம்மாளை அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னான். அவள் வாயில் கைவைத்தாள்.

"அண்ணியா? அப்ப வூட்டுக்கு யாரு?"

அதில் பொல்லாத்தனம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே அவளுக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை. அதுதான் அவன் நெஞ்சில் சோற்றுப் பருக்கை மாதிரி நின்றது. வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால்கூட ஒரு கணம் நினைத்துப் பார்த்ததாக இருந்திருக்கும்.

"நீ சொல்லேன்," என்றான்.

"நான் சொன்னா நாத்தனாரை விட்டுட்டுப் போறான்னு ஆவும். உங்க அக்கா. நீங்க சொல்லுங்க."

சாயங்காலம் அவள் மாடு கறக்கும்போது போய் நின்றான். முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் அந்த நேரத்தைப் பிடித்தான்.

"அக்கா, அங்க பாறையெல்லாம் ஒரே பாசியாம். போன வாரம் கூட ஒருத்தன் வழுக்கி வுழுந்துட்டானாம். உனக்கு வேற முட்டி வலி. இந்த வாட்டி நாங்க போயி இடத்தப் பாத்துகினு வந்துட்டா, அடுத்த சீசனுக்கு உன்னத் தோதா இட்டுகினு..."

செம்பில் பால் விழுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. பிறகு சத்தம் திரும்பவும் ஆரம்பித்தது.

"ஆமான்டா. நானே சொல்லணும்னு இருந்தேன். மாடு வேற கீது. நீங்க போயிட்டு வாங்க."

யாரோ கையிலிருந்து தவறவிட்டதை அவர்கள் பார்க்கும் முன்னே எடுத்து மேசைமேல் வைப்பது மாதிரி, அவ்வளவு சுருக்காகச் சொன்னாள். துளசிங்கத்துக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் பிற்பாடு அவன் உடம்பு கூசியது.

மறுநாள் காலையில் செங்கல் லோடு இறக்கிக்கொண்டிருந்தபோது, தெரு அடிபம்பிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. குடத்தோடு நின்ற பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் போகலம்மா. எனக்குத் தண்ணின்னாலே ஆவாது. சின்ன வயசுலேர்ந்தே பயம். தம்பிதான் வா வான்னு கையப் புடிச்சி இழுக்கறான். நான்தான் பேஜார் புடிச்ச வேலை, ஆள வுடுன்னுட்டேன்."

துளசிங்கம் கையில் இருந்த செங்கலை வைத்தான். தண்ணீருக்குப் பயமாம். இவர்கள் நிலத்தில் ஒரு பெரிய கிணறு இருந்தது. சித்திரை மாசத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்று மேட்டிலிருந்து குதிப்பாள் சாமுண்டீஸ்வரி. அவன்தான் படியில் உட்கார்ந்து அழுவான். வயலை மனை போட்டபோது அந்தக் கிணற்றை லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்தவனும் அவன்தான். அதன்மேல் இப்போது யாரோ ஒரு பாங்க்காரரின் வீடு நிற்கிறது.

காலில் செருப்பை மாட்டிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தான். கடையில் கல் தூக்கும் ஜெயவேலுவிடம் மாட்டை ஒப்படைத்தான். அமலராணி வீட்டுக்குப் போய் விளக்கு விஷயத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவர்கள் கிறிஸ்தவர்கள். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாசல் மாடத்துல ஏத்தினா போதும்ல? நாங்க மெழுகுவத்தி ஏத்தறோம், நீங்க எண்ணெய் ஊத்தறீங்க. நான் பாத்துக்கறேன் சார்." இவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷமாக ஒரு மனுஷியைக் கட்டிப்போட்டிருந்தது இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, "அக்கா, நீயும் கிளம்பு. எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். பசங்க மடியில உக்காந்துப்பாங்க," என்றான்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"போடா. தெரு பூரா தண்ணிக்கு பயம்னு சொல்லிட்டேன். இப்ப வந்தேன்னா இன்னா சொல்வாங்க? காலைல சொன்னது பொய்யான்னு கேக்க மாட்டாங்க? உன் மானம் போவக்கூடாதுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என் வாய்க்கு ஒரு மதிப்பு வேணாம்?"

அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்துவிட்டது.

துளசிங்கம் நேராக அடிபம்புக்குப் போனான். சாயங்காலத் தண்ணீருக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். அமலராணியும் இருந்தாள். ஆம்பிளை ஒருத்தன் அங்கே வந்து நிற்பது வழக்கமில்லாததால் பேச்சு அடங்கியது.

"எங்க அக்காவுக்குத் தண்ணி பயம்லாம் இல்ல," என்றான். குரல் ஏன் இவ்வளவு பெரிதாக வருகிறது என்று அவனுக்கே புரியவில்லை. "நாங்கதான் கூப்புடல. வூட்டுக்கு ஆள் வேணும்னு கூப்புடாமயே வுட்டுட்டோம். எனக்கோசரம்தான் அது அப்பிடி சொல்லிச்சி."

பம்புப் பிடியைப் பிடித்திருந்தவள் அப்படியே நின்றாள். வயதான ஒரு அம்மாள், "அதுக்கென்னப்பா, குடும்பத்துல சகஜம்தான்," என்று குடத்தை நகர்த்தினாள்.

அமலராணி மெதுவாகச் சொன்னாள். "தெரியும் சார். நீலப் புடவை வாங்க நான்தானே கூடப் போனேன். தண்ணிக்குப் பயந்தவங்க அதை எதுக்கு வாங்கறாங்க?"

எல்லாருக்குமே தெரிந்திருக்கிறது. யாரும் அக்காவை மறுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். காது மடல் இரண்டும் எரிய வீடு திரும்பினான். ஆனாலும் ஒரு பாரத்தை இறக்கிவிட்ட மாதிரியும் இருந்தது. அது வாசல்படி வரைக்கும்தான் நிலைத்தது. சேதி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. சாமுண்டீஸ்வரி நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"அங்க போயி இன்னா சொன்னே?"

"உள்ளதச் சொன்னேன்."

"உள்ளதச் சொன்னியா? இத்தினி நேரம் நான் வேணாம்னு சொன்ன ஆளு. இப்ப நீங்க கூப்புடாத ஆளு. லோகநாதன் மாமியாருக்கு இடம் கீது, கூடப்பொறந்தவளுக்கு இல்லன்னு ஊருக்கே டமாரம் அடிச்சிட்டு வந்துட்டே. உன் மனசு லேசாச்சி. என் முகத்த நான் எங்கடா வெச்சிப்பேன்?"

அது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. முதலில் அவளை நினைக்காமல் விட்டான். இப்போது அவளை நினைத்துச் செய்த காரியத்திலும் தன்னைத்தான் நினைத்திருக்கிறான். உள்ளேயிருந்து செல்லியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

"வராம இருந்தா இன்னும் கேவலம்," என்றாள் சாமுண்டீஸ்வரி கடைசியில். "வரேன். ஆனா ஒண்ணு. எப்பிடி இருந்திச்சின்னு நீ மட்டும் என்னக் கேக்கக் கூடாது. யார் வேணா கேக்கட்டும். நீ கேக்கக் கூடாது."

வேன் கிளம்பும்போது முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளே ஏறிக்கொண்டாள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஏகநாதனுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

குற்றாலத்தில் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. துளசிங்கம் பேருக்குத் தலையை நனைத்துவிட்டு இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூவானத்தில் முகங்கள் தெரியவில்லை. செல்லியம்மாளும் லோகநாதன் சம்சாரமும் வெளியே வந்து, பிள்ளைகளுக்குத் தலை துவட்டி, சீப்பும் எடுத்தாயிற்று. அக்கா வரவில்லை. யாரோ விசில் ஊதி ஆட்களை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாகக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. அருவியில் நின்ற எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது. துளசிங்கம் துண்டை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப்போய்ச் செல்லியம்மாளின் தோளில் கிடந்ததை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, எப்பிடி கீது அருவி?" என்று கத்தினான் லோகநாதன்.

"ஐயோ, அத ஏன்டாப்பா கேக்கறே! மண்டை மேல ஒரு லோடு ஜல்லியக் கொட்டின மாதிரி கீது!"

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேச்சுதான். முதலில் மூச்சே விடமுடியாமல் போனது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது, தண்ணீருக்குள்ளே சத்தமே இல்லாத மாதிரி ஒரு இடம் இருந்தது, அங்கிருந்து வர மனசே இல்லாதது, விசில்காரியைத் திட்டியது. லோகநாதனுக்கு ஒரு தரம், பிள்ளைகளுக்கு ஒரு தரம், ராஜபாளையத்தில் டீ குடிக்கும்போது ஏகநாதனுக்கு ஒரு தரம், லோகநாதனுடைய மாமியாருக்கும் முட்டி வலிதான், அவளுக்கு விவரமாக ஒரு தரம். துளசிங்கம் கடைசி சீட்டில் ஜன்னலில் தலையைச் சாய்த்து, தூங்குகிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தரமும் முழுசாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.