சர்க்கரை போட்ட கடல்பாசி

எண்பதுகளில் பாலக்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்த புதிது. கல்வி அதிகாரி வந்து என் வகுப்பைப் பார்த்து நல்லபடியாகச் சொன்னால்தான் வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் அரூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கே திரும்பி மாமா மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கோ அவனைக் கண்டாலே ஆகாது.

மூலக்கூறுகள் எப்படிப் பரவுகின்றன என்பதுதான் அன்றைய பாடம். நிறம் ஊர்ந்து போவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க, தண்ணீரை அசையாமல் பிடித்து வைக்கும் அகர் வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அகர் ஏது! கடல்பாசியும் அதுதானே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். ரம்ஜான் மாதம், நோன்பு திறக்க அவர் தினமும் கடல்பாசி காய்ச்சுவார்.

"பாடத்துக்கு வேணுங்க்கா" என்றேன்.

"உனக்கில்லாததா? ரெண்டு தட்டு ஊத்தி வெக்கறேன்."

மறுநாள் மணியடிக்கும் முன்பே ஒரு தட்டின் நடுவில் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றை வைத்தேன். ஊதா வட்டம் விரியும் என்று பார்த்தால், அதிகாரி வந்து உட்காரும்போது சாணி நிறத்தில் ஒரு கறை. பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னங்க டீச்சர் இது?" என்றார் அதிகாரி.

இன்னொரு தட்டில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். தித்திப்பு! பெர்மாங்கனேட்டைச் சர்க்கரை கெடுத்துவிட்டது. வாங்கும்போதே ருசி பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வந்த கோபத்துக்கு அக்கா எதிரே இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"சர்க்கரைங்க சார். திங்கறதுக்குன்னு நெனச்சுப் போட்டுட்டாங்க" என்று உள்ளதைச் சொன்னேன். பிறகு கறைபடாத அந்தத் தட்டில் குழி பறித்து, சர்க்கரை கெடுக்காத பேனா மையை விட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரிலும் ஒரு சொட்டு. தண்ணீரில் மை சுருண்டு சுருண்டு இறங்கிக் கலந்துவிட்டது.

"தண்ணிக்குள்ள ஓட்டம் இருக்கும், அது மையை இழுத்துட்டுப் போயிரும். பாசிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வலை இருக்குது. அது ஓட்டத்தைக் கட்டிப் போட்டுரும். மை மூலக்கூறு தானா முட்டி மோதித்தான் வழி தேடணும்" என்றேன்.

அதிகாரி ஸ்கேலோடு தட்டருகே வந்து நின்றார். வகுப்பு முடிவதற்குள் நீலம் ஒரு நெல்லின் அகலத்துக்கு நகர்ந்திருந்தது. போகும்போது, "இவங்களை நிரந்தரம் பண்ணலாம்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னார்.

சாயங்காலம் அக்காவிடம் சண்டைக்குப் போனேன்.

"பாடம்னா புள்ளைங்க திங்க மாட்டாங்களா? வெறும் பாசியை எப்படிடி குடுக்கறது?" என்று அவர் என்னையே திட்டினார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தால், வாசலில் அப்பா நிற்கிறார். என்னைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"மாமா மவனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லிருங்கப்பா. எனக்கு இங்க வேலை நிரந்தரமாயிருச்சு."

அவர் கையிலிருந்த பையைத் திண்ணையில் வைத்தார்.

"நாளைக்கு ஸ்கூல் இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்கப்பா."

"அப்ப நான் மட்டும் பஸ் ஏறிக்கறேன்."