வேர்க்கடலையின் தலையீத்து

போன ஆவணியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. போடியில் இப்போதெல்லாம் வசதிக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செண்டை மேளம் வர வேண்டும், மேலே ட்ரோன் பறக்க வேண்டும், கீழே குதிரை நடக்க வேண்டும். குதிரையின் மேல் மாப்பிள்ளை வீற்றிருந்தார் என்று எழுதுவது மரியாதைக்காக. போடிமெட்டு வளைவில் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் மாதிரி, சேணத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடியிருந்தார் என்பதுதான் நடந்தது.

நான் ரோட்டோரமாக நின்றேன். என் பக்கத்தில் வந்ததும் குதிரை நின்றுவிட்டது. குதிரைக்காரர் கயிற்றை இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. தலையில் சிவப்பு இறகு, நெற்றியில் ஜிகினா, முதுகு தெரியாமல் ஜரிகைத் துணி. இவ்வளவு அலங்காரத்துக்கும் நடுவிலிருந்து கழுத்தை நீட்டி, என் சட்டைப்பைக்குள் மூக்கை விட்டது.

பையில் நாலு ஏலக்காய் இருந்தது. போடிக்காரன் பையில் பேனா இல்லாமல் இருக்கலாம், ஏலக்காய் இல்லாமல் இருக்காது. அதிலும் நான் வேலை பார்ப்பது ஏலத்தை ஏலம் விடுகிற கம்பெனியில். சரக்குக்கும் விற்பனைக்கும் சேர்த்து ஒரே சொல்லில் காரியத்தை முடித்துக்கொள்கிற சிக்கனம் எங்கள் ஊருக்குத்தான் வரும். குதிரையின் மூச்சு சட்டைக்குள் சூடாக அடித்தது. இடது காதைப் பார்த்தேன். நுனியில் சின்னதாக ஒரு கிழிசல்.

அட, வேர்க்கடலை!

உங்களுக்கு ஏலக்காய் வாசனை என்றால் பாயசம் நினைவு வரும். எனக்கு வருவது குதிரை லத்தி. பெரிய முதலாளி தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மதியச் சூட்டில் இரண்டு வாசனையும் சேர்ந்து கிளம்பும். அந்த வாசனையில்தான் என் முதல் உத்தியோகம் ஆரம்பித்தது.

நான் இங்கிலீஷ் லிட்ரேச்சர் படித்தவன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் அப்பா மட்டும்தான், அதுவும் லைசென்சுக்காகக் கற்றுக்கொண்டது. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு அவருடையது. படிப்பு முடிந்ததும் என்னை முன்சீட்டில் உட்கார வைத்து (படித்தவன் பின்னால் உட்காரக் கூடாதாம்) ராசிங்காபுரம் போகிற வழியிலிருந்த பெரிய முதலாளி தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

"யாரு பரமா, ஒம் மகனா?"

"ஆமாங்க மொதலாளி. எங்க வீட்டுத் தலையீத்து. இங்கிலீசு படிச்சிருக்கான்."

தலையீத்து என்பது மாட்டுக்குச் சொல்கிற வார்த்தை. முதன்முதலாக ஈனுவது. எங்கள் பக்கம் மூத்த பிள்ளையையும் வேடிக்கையாக அப்படிச் சொல்வதுண்டு. பெரிய முதலாளிக்கு அந்த வார்த்தை பிடித்துவிட்டது. ஏனென்றால் அந்த வாரம்தான் பெங்களூர்ப் பக்கத்துப் பண்ணையிலிருந்து லாரியில் ஒரு குதிரை வந்து இறங்கியிருந்தது. செம்பழுப்பு, இளவயது, அசல் பந்தயச் சாதி. இரண்டு மூன்று பந்தயம் ஓடிக் காலில் நரம்பு பிசகியதால் விற்றுவிட்டார்கள். லாரிக் கதவு பட்டு இடது காது கிழிந்திருந்தது.

முதலாளிக்குக் கம்பத்தில் ஒரு மச்சினர் உண்டு. குதிரை வண்டிப் பந்தயத்தில் வருசா வருசம் முதலாவதாக வந்து பரிசுக்கொடி வாங்குகிறவர். அந்தக் கொடிகள்தான் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்தவை. பொலிகுதிரை ஒன்றை வாங்கி, ஊர் வண்டிக் குதிரைகளோடு சேர்த்து, தானே ஒரு வம்சத்தை உண்டாக்கி மச்சினரை ஜெயிப்பது என்று கிளம்பிவிட்டார்.

"எல்லாம் ரத்தத்துல இருக்குடா அப்பு," என்றார் என்னிடம். "ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். தலையீத்து வரட்டும், பாப்போம். குட்டி நல்லா விழுந்தா இவன் லாயத்துக்கு ராசா, நீ மேனேசரு. இல்லேன்னா இவனுக்குக் காய அறுத்து வித்துருவேன்."

என்னை என்ன செய்வார் என்று சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

குதிரையின் பெயர் ராயல் வெர்டிக்ட். 'அரசத் தீர்ப்பு' என்று நான் அழகாக மொழிபெயர்த்துச் சொன்னேன். குதிரையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கமாயன் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தான். மறுநாள் காலை, "ஏ வேர்க்கடல, நவுந்து நில்லு," என்றான். குதிரையும் நகர்ந்தது. அதோடு அரசத் தீர்ப்பு முடிந்தது. என் பெயரையும் அவன் அன்றைக்கே 'இங்கிலீசு' என்று மாற்றிவிட்டான்.

என் சோலி, குதிரையின் வம்சாவளிக் காகிதத்தை வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுவது. சாயங்காலமானால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். நான் தகப்பன் பெயர், தகப்பனைப் பெற்றவன் பெயர் என்று மேலே மேலே ஏறிப் போவேன். "தாய்வழி எப்படித் தம்பி?" என்று பெண் பார்க்க வந்தவர்கள் போலக் கேட்பார்கள். குதிரையைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றாது. முதலாளியே லாயத்துக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை, லத்தி நாற்றம் ஆகாது. அவர் வாங்கியது குதிரையை அல்ல, அந்தக் காகிதத்தை.

என்னிடமும் ஒரு காகிதம் இருந்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ். தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியது. குதிரைக்கு, பாட்டன் பூட்டன் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள் என்று சான்று. எனக்கு, வீட்டில் இதுவரை ஒருத்தரும் படித்ததில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த சான்று. எது கௌரவம் என்று என்னைக் கேட்காதீர்கள். என் காகிதத்தால் எனக்குக் காலேஜ் பீஸாவது குறைந்தது, அதன் பாட்டன்களால் வேர்க்கடலைக்கு ஒரு பிடி கொள்ளுகூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை.

பக்கத்து ஊர்களிலிருந்து ஐந்து பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவந்தோம். அதில் ஒன்று அகமலைப் பக்கம், ஜீப்பு போகாத ஏற்றத்தில் மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை. இவனோ ஆளுயரம். கடைசியில் பெட்டையை மேட்டில் நிறுத்தி, இவனைப் பள்ளம் தோண்டி இறக்க வேண்டியதாயிற்று. எங்கள் வட்டாரத்தில் உயர்ந்த ரத்தம் பள்ளத்தில் நின்று நான் பார்த்தது அன்று ஒருதரம்தான்.

பிறகு காத்திருந்தோம். குதிரைக்கு வயிற்றுச் சுமை பதினோரு மாதம். நான் லாயத்து வாசலில் உட்கார்ந்து, குதிரை வளர்ப்பு பற்றிக் கைப்பேசியில் கிடைத்ததையெல்லாம் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். படிக்கும்போது ஏலக்காய் மெல்லுவது என் வழக்கம். வேர்க்கடலை முதலில் வாசனை பிடித்தது, அப்புறம் பையைக் கண்டுபிடித்தது. ஒரு மாதத்தில், நான் ஏலக்காயோடு வந்தால் கனைக்கும், வெறும் பையோடு வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்ளும். மனிதர்களிடம் இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாத நடத்தையை நான் இன்னும் பார்க்கவில்லை.

குட்டிகள் விழுந்தன. அவற்றுக்கு எட்டு மாதம் ஆனதும் முதலாளி பந்தல் போட்டு, பிரியாணி போட்டு, ஊரைக் கூட்டினார். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன்கள் இருப்பார்களே, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், குரல் எந்தப் பக்கம் என்றே தெரியாமல்? குட்டிகள் அந்தப் பருவத்தில் இருந்தன. பின்பக்கம் உயர்ந்து, முன்பக்கம் தாழ்ந்து, சமதரையிலேயே சரிவில் இறங்குவது மாதிரி நின்றன. அகமலைக்காரியின் மகளுக்குக் காது வேறு நீளம்.

கம்பத்து மச்சினர் வந்து உட்கார்ந்தார். குட்டிகளை அவருக்கு முன்னால்தான் நிறுத்தியிருந்தோம்.

"குதிரைய எங்க மச்சான்?"

"இந்தா நிக்கிதுல்ல மாப்ளே."

"இதா? நான் பந்தல்காரன் முக்காலி கொண்டாந்து போட்டுருக்கான்னுல்ல நெனச்சேன்."

பந்தலே சிரித்தது. அவர் எழுந்து ஒவ்வொரு குட்டியாகச் சுழி பார்த்தார். ஒன்று குடியைக் கெடுக்குமாம், ஒன்று கூட்டத்தைக் கெடுக்குமாம். நீளக் காதுக்காரியிடம் சற்று அதிக நேரம் நின்று, காலைத் தடவிப் பார்த்து, "இது சுத்தக் கழுத," என்றார்.

நான் முன்னால் போய் நின்றேன். "ஐயா, குட்டிக்குப் பின்பக்கம் மொதல்ல வளரும், முன்பக்கம் அப்புறம் எட்டிப் பிடிக்கும். ரெண்டு வயசு முடியாமக் குட்டியவும் சொல்லக் கூடாது, குட்டிய வச்சுத் தகப்பனையும் சொல்லக் கூடாது. எல்லா நாட்டுலயும் அப்படித்தான்," என்றேன்.

"இங்கிலீசுல சொன்னா குண்டி கீழ எறங்கிருமா தம்பி?" என்றார் மச்சினர்.

சிரிப்பு அடங்கவே இல்லை. அப்போது பந்தல் காலோரம் நின்றிருந்த அப்பா, யாரும் கேட்காமலே பேசினார். "மொதலாளி, எம் மகனும் நாலு வயசு வரைக்கும் பேசலைங்க. ஊமைன்னே முடிவு பண்ணிட்டோம். இப்பப் பாருங்க, நிறுத்துன்னாலும் நிறுத்த மாட்டேங்கிறான். கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்ல?"

குதிரைக்காகப் பேசினாரா, எனக்காகப் பேசினாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. "பரமா, போய்த் தண்ணி கேன வெரசாக் கொண்டா," என்றார் முதலாளி. பிறகு லாயத்துப் பக்கம் கையைக் காட்டி, "அறுத்துருங்கடா," என்றார். பிரியாணி பரிமாறத் தொடங்கினார்கள்.

தங்கமாயன் என் காதோரம் வந்தான். "ஏ இங்கிலீசு, தலையீத்தப் பாத்துத் தகப்பன அறுக்கிறதுன்னா, கத்தி மொதல்ல எந்த வீட்டுக்குள்ள போகணும்?"

முன்வரிசையில் முதலாளியின் மூத்த மகன் கைப்பேசியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் நாலு வருடப் படிப்பை ஏழாவது வருடமாக விடாமல் படித்துக்கொண்டிருந்தவர். பொறுத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று முதலாளிக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்த வாரம் டாக்டர் வந்தார், போனார். வேர்க்கடலை சில நாள் ஏலக்காயைத் தொடவில்லை. தொட ஆரம்பித்தபோது ஒரு தரகர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குட்டிகளை அந்தந்தப் பெட்டைக்காரர்களே, வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, கூட்டிப் போனார்கள். என்னை அறுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

கொரோனா வந்து போய், கோயில் திருவிழாவில் மறுபடி வண்டிப் பந்தயம் விட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பத்து மச்சினரின் வண்டி, மற்ற வண்டிகளெல்லாம் புழுதிக்குள் கிடக்க, தனியாக வந்தது. அதில் பூட்டியிருந்த குதிரையின் காதை நான் தூரத்திலேயே அடையாளம் கண்டேன். அந்தச் சுத்தக் கழுதையை அவர் எப்போது போய் வாங்கினார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவதாக வந்ததும் வேர்க்கடலையின் பிள்ளைதான். பின்பக்கமெல்லாம் எப்போதோ கீழே இறங்கியிருந்தது, தமிழிலேயே.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல மச்சான், அந்தக் காதப் பாருன்னு?" என்றார் மச்சினர், கொடியை மடித்துக்கொண்டே.

அன்று மாலையே முதலாளி எனக்குப் போன் செய்தார். அப்போது நான் ஏலக் கம்பெனிக்கு மாறிவிட்டேன். "அப்பு, நீதான படிச்ச பய. அந்தக் குதிர எங்க இருக்குன்னு வெசாரி."

"கெடச்சாலும் இனி எதுக்குங்க மொதலாளி?"

"இப்பத்தான் எல்லாத்துக்கும் ஆபரேசன் வந்துருச்சேடா. டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரு."

அந்த ஆபரேசன் இன்னும் வரவில்லை. குதிரையும் அப்போது கிடைக்கவில்லை. போன ஆவணியில் அதுவாகவே வந்து என் பைக்குள் மூக்கை விட்டது, பெரிய முதலாளியின் அந்த மூத்த மகனின் மாப்பிள்ளை அழைப்பில்.

ஊர்வலம் ஏன் நின்றது என்று பார்க்க முதலாளியே வந்தார். ஜிகினாவுக்கும் இறகுக்கும் நடுவில் குதிரையை ஏற இறங்கப் பார்த்தார். அநேகமாக அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்.

"நல்ல சாதிக் குதிர போலயே. பேரு என்னய்யா?"

"ராஜாங்க," என்றார் குதிரைக்காரர்.

"குட்டி கிட்டி எடுத்தியா?"

"இல்லைங்க. என்ட்ட வர்றப்பவே காயடிச்சிருந்துச்சு."

"அடப்பாவி," என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு. "இப்பேர்ப்பட்ட குதிரய எந்தக் கூறுகெட்ட பயடா அறுத்தது?"

பின்னால் சீர்த்தட்டுகளோடு ஜீப்பை நிறுத்தியிருந்த அப்பா, தலையை உயர்த்தி ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலு ஏலக்காயையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ராஜா ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது.

அந்த லாயம் இப்போது இல்லை, கார் நிறுத்த இடித்துவிட்டார்கள். தங்கமாயன் திருப்பூருக்குப் போய்விட்டான், 'இங்கிலீசு' என்று கூப்பிட ஆளில்லை. ஏலமும் கம்ப்யூட்டரில் நடக்கிறது, வாசனை பிடித்து விலை சொல்கிறவர் குறைந்துவிட்டார்கள். என் தம்பி முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்டுப் போனான், வீட்டில் ஏற்கெனவே ஒருத்தன் படித்துவிட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலையீத்து ஒரு தடவைதானே. வேர்க்கடலையின் வம்சத்தில் அந்த ஐந்து குட்டிகளோடு சரி.

மேளம் மறுபடி முழங்கியது. மாப்பிள்ளை இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பெரிய வீட்டுத் தலையீத்தை முதுகில் வைத்துக்கொண்டு, தலையீத்துக்காக அறுபட்டவன் நிதானமாக, அடி பிசகாமல் நடந்து போனான்.