டாக்னியின் மீன்முள் தூள்

அலாஸ்காவில் எங்கள் ஊர் மண் ஜூன் வரை ஐஸாகக் கிடக்கும். அதனால் பலகைப் பெட்டி அடித்து, மண்ணை மேடாக நிரப்பி, அதில்தான் பயிர் வைப்போம். உரம் என்றால் மீன்முள் தூள். வேறு ஏதாவது போட்டால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டு டாக்னி, ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். பஸ்ஸை விட்டாலும் பிள்ளைகளை அதட்டிய அந்தத் தொண்டை அவளை விடவில்லை. ஆகஸ்டில் நடக்கும் முட்டைக்கோஸ் எடைப் போட்டியில் ஆர்வில் என்கிற தடியன்தான் எப்போதும் முதல். இவள் இரண்டாவது. அந்த வருஷம் அவனைத் தோற்கடித்தே தீருவேன் என்று மூட்டை மூட்டையாகத் தூள் வாங்கி வந்தாள்.

"மேலாகத் தூவாதே டாக்னி, மண்ணுல கிளறி மூடு. கரடி மோப்பம் பிடிச்சுட்டு வரும்," என்றேன்.

"போய்யா ரஸ்! காஞ்ச தூளு. பையில மூக்கை விட்டாக்கூட வாசனை இல்ல. கிளறினா வேரு அறுந்துடும்."

பையில் வாசனை இல்லைதான். ஒரு மழை பெய்தது, தெரு முழுக்க மீன் வாடை. மறுநாளே காது கிழிந்த ஒரு பழுப்புக் கரடி இரண்டு குட்டிகளோடு வந்து அவள் பாத்தியைப் பிறாண்டியது. போகிற போக்கில் என் கோழிக்கூண்டை உடைத்து, பாதிக் கோழிகளைத் தின்றுவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னொரு தடவை வரட்டும், சுட்டுடுவேன்," என்றேன். வெறும் வாய்ச்சவடால் இல்லை. துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

"குட்டிங்க என்னய்யா பண்ணும்?"

"சாகும். என்னை ஏன் கேக்குற? விருந்து வச்சுக் கூப்பிட்டது நீதானே?"

ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவள், குனிந்து, பிறாண்டிக் கிடந்த மண்ணைக் கையால் மூடினாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை.

"வாடை எப்பய்யா போகும்?"

"அந்த மண்ணு இருக்கிறவரைக்கும் போகாது."

காலையில் பார்க்கிறேன், டாக்னி கோஸ்களை வெட்டிக்கொண்டிருக்கிறாள்! அப்போதே ஒவ்வொன்றும் இரு கையாலும் அணைத்துத் தூக்கும் அளவு. எல்லாவற்றையும் என் மிச்சக் கோழிகளுக்கு எறிந்தாள். பிறகு மண்ணை அள்ளி வண்டியில் போட ஆரம்பித்தாள், கடலோரம் அலை வந்து அடித்துக்கொண்டு போகும் இடத்தில் கொட்டுவதற்கு. சற்று நேரம் பார்த்துவிட்டு நானும் மண்வெட்டியோடு போனேன்.

"கோழிக்காரருக்கு இங்க என்ன வேலை?"

"வாயை மூடிட்டு வண்டியை நகர்த்து."

பலகைகளை ப்ளீச் ஊற்றித் தேய்த்தோம். சாயங்காலம் கரடி வந்தது. நான் வாசலில் துப்பாக்கியோடு நின்றேன், டாக்னி ஜன்னலில். காலிப் பெட்டியில் இறங்கி, மூலை மூலையாக மோந்தது. பெரிதாக ஒரு தும்மல் போட்டது. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விட்டது. ஜன்னலைப் பார்த்தேன், டாக்னி அழுதுகொண்டிருந்தாள்.

மறுவருஷம் மீன் வாடையே இல்லாத உரம்: குதிரைமசால் என்கிற மாட்டுத் தீவனத்தைக் காயவைத்து உருட்டியது. தூவி, நன்றாகக் கிளறி, தண்ணீர் விட்டாள். கோஸ் விளைந்தது, சுமாராக.

"டாக்னி, இதைத் தராசுல போடணுமா, சட்டைப்பையில போட்டுக்கலாமா?" என்றான் ஆர்வில். கூட்டமே சிரித்தது. எனக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. அவள் நிதானமாக எடை போட்டு, கடைசி இடம் என்று கேட்டுக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்; பக்கத்தில் நானும் ஏறிக்கொண்டேன்.

ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினாள். கீழே தண்ணீரில் அந்தக் கிழிந்த காது. பக்கத்தில் இரண்டு குட்டிகளும் நெடுநெடுவென்று வளர்ந்து, சால்மனைத் துரத்திக்கொண்டிருந்தன.

டாக்னி பாலத்துக் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"யோவ் ரஸ், அந்த ஓரத்துக் குட்டி என்ன எடை இருக்கும்?"