சனிக்கிழமை வானொலியில் சித்தப்பா

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில்தான் வானொலி அரசியலை வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று பல்கலைக்கழகத்தில் படித்தேன். பேராசிரியர் ஐரோப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ நாங்கள் புலம்பெயர்ந்து வாழ்ந்த ஸ்காபரோவில், அம்மா சமைக்கும் எங்கள் அபார்ட்மென்ட் குசினிதான் கண்முன் வந்தது. இப்போது என் மகள் விளையாடும்போது செய்தி ஓடினால் நிறுத்திவிடுகிறேன். நிறுத்துவது சரிதானா என்றும் தெரியவில்லை.

எங்கள் ஃப்ரிட்ஜின் மேல் ஒரு ரேடியோ இருந்தது. தமிழ் வானொலி ஒன்றைத் தவிர வேறெதையும் பிடிக்காது, அதற்கென்றே வாங்கியது. சனிக்கிழமை மாலைகளில் நேயர்கள் அழைத்து ஊரில் நடக்கும் போரின் அரசியலைப் பேசுவார்கள். பக்கத்தில் ரேடியோ இருந்தால் ஃபோனில் கூவல் கேட்கும் என்பதால், அப்பா ஃபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். பேசி முடித்ததும் தெரிந்தவர்கள் அழைத்துப் பாராட்டுவார்கள். பாராட்டு வராத வாரம் அப்பாவுக்கு அம்மாவின் கறியில் உப்புக் கூடிவிடும்.

அப்போது சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். அகதி வழக்கு முடியவில்லை. ஓர் உணவகத்தில், சனிக்கிழமைகளிலும், கோப்பை கழுவினார். எங்கள் சோபாதான் அவருக்குக் கட்டில்.

அன்று அப்பா, நம் சனம் ஒரே குரலில் கதைக்க வேண்டும், மாறிக் கதைக்கிறவனை வாசற்படியிலும் ஏற்றக்கூடாது என்று முழங்கினார். அடுத்து ஒருவர் லைனில் வந்தார்.

“பேர் வேண்டாம் அண்ணை. ஒரே குரல் எண்டா, மற்ற ஆக்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதோ?”

முடிவில் மூக்கால் ஒரு சிரிப்பு. அது சித்தப்பாவின் சிரிப்பேதான். துள்ளியெழுந்து நான் வாயைத் திறக்க, அம்மா அதற்குள் ஒரு சூடான பற்றீஸைத் திணித்தார். அப்பா அறை வாசலில் நின்றிருந்தார்.

“ஆரப்பா உவன்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“ஆரோ அங்கால ரெக்ஸ்டேல் பக்கத்து ஆளாக்கும்,” என்று அம்மா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். சித்தப்பாவுக்குப் போக வேறு இடமில்லை.

அன்று வந்த அழைப்புகள் பாராட்டவில்லை. அந்த ஆள் யார், எங்கே இருக்கிறான் என்றே விசாரித்தன. தெரியாது, தெரியாது என்றார் அப்பா.

சித்தப்பா வேலையால் வந்ததும் இருவரும் புட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

“இண்டைக்கு ஒரு விசரன் கதைச்சவன். கேட்டனியே?”

“இல்லை அண்ணை. வேலை.”

அப்பா தன் தட்டிலிருந்த மீன்பொரியலை எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

“தொண்டையைக் கவனமாப் பாரடா. காலம் சரியில்லை.”

சித்தப்பா நிமிராமல் சாப்பிட்டார். அவருக்கு இருமல்கூட இல்லையே, அப்பா ஏன் இப்படிச் சொல்கிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.