எல்லைச் சாவடியில் இரண்டு வண்டிகள்

கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே மோட்டார் பஸ் ஓட்டிய காலத்தில் நான் ஏற்றாத ஆள் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போகும் பெண்கள், கச்சேரிக்குப் போகும் வழக்குக்காரர்கள், வெற்றிலைக் கூடைகள், ஒருமுறை கால் ஒடிந்த ஓர் ஆட்டுக்கடா. என்னைப் பெற்ற அய்யன் மட்டும் ஏறவில்லை. அவர் ஒருநாள் ஏற மாட்டாரா என்று நான் ஏங்கிய ஏக்கத்தை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுடையது பண்ணையம் பார்க்கிற குடும்பம். அதில் பிறந்த ஆண்பிள்ளைகள் யாரும் வேறு வேலைக்குப் போனதில்லை. மோட்டார் கொட்டகையில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அய்யன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"நாலு காலு இருக்கறதை மேய்க்க வலிக்குது. நாலு உருளை இருக்கறதை மேய்க்கப் போறயாக்கும்? போ, போ. அதை ஓட்டிக்கிட்டு இந்த ஊட்டு வாசலுக்கு மட்டும் வந்தறாதே" என்றார்.

போனேன். கொட்டகையிலேயே தங்கினேன். எடுத்தவுடன் யாரும் ஓட்டும் சக்கரத்தைக் கையில் கொடுத்துவிடவில்லை. வண்டி கழுவினேன், எண்ணெய் துடைத்தேன், முதலாளியிடம் திட்டு வாங்கினேன். அந்தக் காலத்து வண்டியைக் கிளப்ப, முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். கொஞ்சம் அசந்தால் அது திருப்பி அடிக்கும். அப்படித்தான் என் வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டு அவிழ்ந்த மறுநாளே மறுபடி போய் நின்றேன். ரோஷம்தான், வேறென்ன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டக் கற்றபின் மற்றவர்களைவிட என் வண்டி குறைவாகவே மக்கர் செய்தது. மேட்டில் ஏறும்போது இஞ்சின் இரைப்பது மாறினால் எனக்கு உடனே தெரிந்துவிடும். நிறுத்தி, ஆறவிட்டு, அது கொதிப்பதற்கு முன்பே தண்ணீர் ஊற்றுவேன். முதலாளி மெச்சினார். அவருக்கு என்ன தெரியும்! பாரம் இழுக்கிற மாட்டின் மூச்சைக் கேட்டு நிறுத்தத் தெரிய வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அய்யன் பின்னால் நடந்து கற்றது அது. அதை அவரிடம் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும், அவரை முன் சீட்டில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை. அய்யன் தம் மாட்டுவண்டியில்தான் போவார். எங்கள் ஊர் கொச்சி ராஜ்ஜியம், பொள்ளாச்சி வெள்ளைக்காரன் சீமை. எல்லையில் சாவடிக்காரர்கள் சரக்கைப் பார்க்கும்வரை எல்லா வண்டியும் நிற்க வேண்டும். அங்கேதான் வாரம் ஒருமுறை நாங்கள் சந்திப்போம். அவருடைய மாடுகள் மிரளுமே என்று நான் தூரத்திலேயே இஞ்சினை அணைத்துவிடுவேன். பிறகு அதே மணிக்கட்டால் சுற்றிக் கிளப்ப வேண்டும். சீட்டில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். அய்யன் என்னிடம் பேச மாட்டார், மாட்டிடம் பேசுவார்.

"கை ஒடிஞ்சும் புத்தி வரலே பாரு" என்பார் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு.

"ஏறுங்கய்யா, வெரசாப் போயரலாம்" என்பேன்.

"நமக்கு என்னடா அவசரம்?" என்று மாட்டையே கேட்பார்.

இப்படியே சில வருஷங்கள் போயின. ஒரு பட்டிப்பொங்கல் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொங்கல் ஊட்டுவார்கள். ஊரெல்லாம் பண்டிகை என்றால் டிரைவருக்கு ஓய்வேது? நான் ஓட்டத்தில் இருந்தேன். மாலையில் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினால், புளியமரத்தடியில் நின்றிருந்த எங்கள் முதலாளியின் இன்னொரு பஸ் முகமெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. முன்னால் வாழையிலையில் பொங்கல்.

அதன் டிரைவர் தலையைச் சொறிந்தார்.

"உங்கய்யன் வந்தாருங்க. நான் உள்ளே படுத்திருந்தேன். தண்ணி மேலே பட்டு எந்திரிச்சா, பொட்டெல்லாம் வெச்சு முடிச்சுட்டாரு. 'இதுதானே எம் பையன் வண்டி?'ன்னு கேட்டாரு. இல்லீன்னு சொல்ல எனக்கு மனசு வரலீங்க. 'இது எந்த வழியாத் தண்ணி குடிக்கும்?'னாரு. காட்டினேன். ஊத்திட்டுப் போனாரு."

சந்தையில் ஆயிரம் மாடு நின்றாலும் தம்முடையதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற மனுஷர், ஒரே பச்சை அடித்த இரண்டு பஸ்ஸில் மகனுடையது எது என்று தெரியாமல் ஏமாந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு என் வண்டியில் ஏறி, ஓட்டும் சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். மறுநாளே முதலாளியிடம் கெஞ்சி அந்தப் பஸ்ஸை நான் ஓட்டுவதற்கு வாங்கிக்கொண்டேன். இருந்ததிலேயே கிழட்டு வண்டி அது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று கொட்டகையில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வியாழன், சாவடியில் அய்யன் முதல் முறையாக வண்டியை விட்டிறங்கி என் பஸ்ஸின் அருகே வந்தார். குங்குமம் அழியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். இஞ்சின் மூடியின் மேல் கையை வைத்தார். சூடு பொறுக்காமல் உடனே எடுத்துக்கொண்டார்.

"தாகமா இருக்குமாட்ட இருக்குது, கண்ணு. தண்ணி காட்டு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஏறுங்கய்யா" என்றேன்.

முன் சீட்டை ஒரு பார்வை பார்த்தார். ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். "நான் ஏறிட்டா அந்த வண்டியை ஆரு ஓட்டறது? அடுத்த வாரம் பாக்கலாம்" என்று மாடுகளிடம் திரும்பிப் போனார்.

அந்த வாரத்திலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, மாடுகளுக்குத் தீனி வைக்கப் போனேன். அவருடைய வண்டி அவிழ்த்துவிட்டபடியே கிடந்தது. முன்பக்கத்தில் ஒருவர்தான் உட்காரலாம், ஆனால் அவர் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் சாக்கை மடித்து இன்னொருவருக்கும் இடம் பண்ணி வைத்திருந்தார். எத்தனை காலமாக அப்படி வைத்திருந்தாரோ! வாராவாரம் ஏறுங்கள், ஏறுங்கள் என்று கேட்டேனே தவிர, அவர் வண்டிக்குள் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அந்தச் சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்தேன். மாடுகள் நுகத்தடிப் பக்கம் தாமாக வந்து நின்றன.