அவளுடைய அரிசியை மாற்றிய நாள்

என் மகளுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். சோறு விரலில் ஒட்டினால் அலறுவாள். ஈரத் தரையில் கால் பட்டால் சுருண்டு படுத்துக்கொள்வாள். வேலூரில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருநாள் சொன்னார்: "அகலமான டப்புல அரிசி கொட்டி வைங்க. உள்ள ரெண்டு ஸ்பூன், நாலு சோழி போடுங்க. அவளே வந்து தொடட்டும். கையப் பிடிச்சு இழுக்காதீங்க."

ஆரணிக்குத் திரும்பிய அன்றே, துணி ஊறவைக்கும் நீல டப்பைக் கழுவிக் காயவைத்து ரேஷன் பச்சரிசியை நிரப்பினேன். பதினைந்து நாள் அவள் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலை, நான் பாத்திரம் தேய்த்துவிட்டு உள்ளே வந்தால், முழங்கை வரை இரண்டு கைகளையும் அரிசிக்குள் விட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை பார்த்ததில்லை.

பின்னறையில் தறியில் இருந்த கணவரிடம் ஓடினேன். "ஜல்தியா வாங்க. சத்தம் போடாதீங்க." இருவரும் கதவோரம் நின்று வெகுநேரம் பார்த்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தறிக்குப் போய்விட்டார்.

சில நாள் கழித்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை அரிசிக்குள் விட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, அரிசியில் கிடந்த கல்லைப் பொறுக்கிப் போடுவதுபோல வெளியே வைத்தாள். கோபம்கூட இல்லை. மறுபடி விட்டேன். மறுபடி எடுத்து வைத்தாள்.

"விடும்மா, அவ சந்தோஷமா இருக்கா இல்ல?" என்றார் கணவர்.

இருந்தாள். அதில் எனக்குத்தான் இடமில்லை.

வெயில் காலம் வந்ததும் அரிசியில் வண்டு வைத்துவிட்டது. ஒரு மதியம் அவள் தூங்கும்போது, பழையதைப் பக்கத்து வீட்டு அக்காவின் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த பொன்னியை டப்பில் கொட்டினேன். எல்லாம் அரிசிதானே என்று நினைத்தேன்.

எழுந்து வந்து கையை விட்டாள். சட்டென்று உருவிக்கொண்டாள். பிறகு கத்தத் தொடங்கினாள். சுவரில் தலையை மோதினாள். நான் தூக்கப் போனால் இன்னும் வேகமாக மோதினாள். கணவர் ஓடி வந்து சுவருக்கும் அவள் தலைக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

நான் அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அந்த அரிசி இருக்குதா?"

"அப்பவே எறைச்சிட்டேனே. கோழிங்க தின்னுகினு இருக்குது. ஏன், இன்னா ஆச்சு?"

மண்ணில் குந்தி, கோழிகளை விரட்டி விரட்டிப் பொறுக்கினேன். அக்காவும் குந்திக்கொண்டாள். ஒரு பிடி தேறியது. புடைத்துக் கொண்டுவந்து மகள் முன் நீட்டினேன். தட்டிவிட்டாள்.

பொழுது சாயும்போது களைத்து, கணவர் மடியிலேயே தூங்கிப்போனாள். மறுநாள் அவருக்குக் கை வீங்கி, தறியில் உட்கார முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதே ரேஷன் பச்சரிசியை அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டினாள். மகள் தொடவில்லை. வேலூரில் பயிற்சி கொடுக்கும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. காத்திருங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"அது சொல்ல முடியாதும்மா."

இரண்டு மாதம் ஆகிறது. டப் இருக்கும் மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். நேற்று மட்டும் ஒரு நிமிடம் அதன் எதிரே நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கூப்பிடலாமா, கூடாதா, தெரியவில்லை. கூப்பிடவில்லை. அவள் போய்விட்டாள்.